கேட்காத தண்ணீர்

"இன்னொரு விஷயம் இருக்கு, டோர்த்தி. அதுக்கு நீ ஒத்துக்கிட்டாதான் கல்யாணம்."

"என்ன, உங்கம்மா மாதிரி பீன்ஸ் சமைக்கணுமா?"

"அது உன்னால ஆகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். இது வேற. தண்ணியப் பத்தி உங்க வீட்டுல நீ வாயே தொறக்கக் கூடாது."

"எந்தத் தண்ணி?"

"எந்தத் தண்ணியா? உங்கப்பாவோட ஊத்து. எங்க மாடுங்க வந்து குடிக்குதே, அது."

"அதான் தினமும் குடிக்குதே. நான் எதுக்கு அதப் பத்திப் பேசப்போறேன்?"

"கேக்கவும் கூடாது, நன்றின்னும் சொல்லக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரெண்டு கிளாஸ் வைன் உள்ள போனதும், 'அப்பா, உங்க தயவுல எங்க மாடெல்லாம் நல்லா இருக்கு'ன்னு நீ உருகினேன்னு வை, எங்க பண்ணை அதோட போச்சு."

"நன்றி சொன்னா பண்ணை போயிடுமா?"

"போயிடும்."

"பாஸ்க்காரனுங்க தலைக்குள்ள மூளைக்குப் பதிலா கம்பளிதான் இருக்குன்னு எங்க அண்ணன் சொல்றது சரிதான் போல."

வழக்கமாக இதற்குப் பென்யாத் சிரித்திருப்பான். அன்று சிரிக்கவில்லை. மாட்டுப் பட்டியின் மேல்கட்டையில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் கையை எடுத்துத் தன் தொப்பிக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். இருபத்திரண்டு வயதில், அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் பண்ணியிருப்பேன்.

விஷயம் இதுதான். பென்யாத்தின் அப்பா பெல்லோ எச்சவெரி பாஸ்க் இனத்தவர், ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து ஆடு மேய்ப்பதற்காக அமெரிக்காவின் நெவாடாவுக்கு வந்தவர். ஆடு மேய்ப்பவனின் கண் புல்லைத்தான் தேடும். குளிர்காலத்தில் ஆடு வெண்பனியைத் தின்றே தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். வசந்தத்தில் ஈரம் ஏறிய புல் இருந்தால் போதும். அதனால் அரசாங்கத்தில் நிலம் எழுதிக்கொள்ளும் நேரம் வந்தபோது, எங்கள் பள்ளத்தாக்கிலேயே பச்சையான புல்வெளியைப் பார்த்து அவர் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். அந்தப் பச்சைக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. புல்வெளிக்கு மேலே, பாறைக்கு அடியிலிருந்து கொப்பளிக்கும் ஊற்று எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த என் அப்பா நீல்ஸ் மாட்டுக்காரர். கல்லும் சேஜ் புதருமாகக் கிடந்த அந்த மேட்டை அவர் எழுதிக்கொண்டபோது எல்லோரும் சிரித்தார்களாம். சில வருஷம் கழித்துப் பெல்லோ ஆட்டை விற்றுவிட்டு மாடு வாங்கினார். அப்போதுதான் யாருக்கு எது கிடைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டைச் சுற்றியிருக்கும் கொஞ்சம் நிலம்தான் சொந்தம். மீதியெல்லாம் பொது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை யார் வேண்டுமானாலும் மேய்க்கலாம். ஆனால் மாடு தண்ணீரை விட்டு எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் அதற்கு மேய்ச்சல். ஊற்று யாருடையதோ, சுற்றியுள்ள புல்லெல்லாம் அவனுடையது என்று அர்த்தம். ஆனால் அடுத்தவன் ஊற்றில் கேட்காமல், ஒளிக்காமல், வருஷக்கணக்காக மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வந்தால் அவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று டவுன் வக்கீல்கள் சொன்னார்கள். ஒரு தடவை "குடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால், அதுவரை குடித்ததும் இனிக் குடிப்பதும் தயவாகிவிடும். தயவு என்றால் எந்த நாளும் நிறுத்தலாம். அதனால் எச்சவெரி குடும்பம் கேட்கவே இல்லை.

என் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும். விரட்டினால் பக்கத்து வீட்டோடு சண்டை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் எச்சவெரி மாடுகள் கத்திக்கொண்டு மேட்டில் ஏறும் நேரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து காபி குடிப்பார். "என்னப்பா சத்தம்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"காத்து" என்பார்.

"காத்து மாடு மாதிரி கத்துதே!"

"இந்த ஊர்க் காத்து அப்படித்தான் கத்தும்."

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு குடும்பமும் ஒரே மேஜையில் சாப்பிட்டபோதெல்லாம் தண்ணீர் என்ற சொல்லே எழாது. "அந்த ஜாடியைக் கொடு" என்பார்கள். என் மாமனார் தாகமாக இருந்தாலும் வைனைத்தான் குடிப்பார். இப்படியே மாமனாரும் போனார், அப்பாவும் போனார். ஊற்று என் அண்ணன் ஆண்டர்ஸ் கைக்கு வந்தது.

அதற்கடுத்த குளிர்காலம் மலையில் பனியே விழவில்லை.

பனி இல்லாத குளிர்காலத்தை வெளியூர்க்காரர்கள் நல்ல குளிர்காலம் என்பார்கள். நாங்கள் ஜன்னல் வழியாக வெறும் கல்லாக நின்ற மலையைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டோம். ஏப்ரலில் ஓடவேண்டிய ஓடை ஓடவில்லை. ஜூனில் பள்ளத்தாக்கின் நடுவிலிருந்த ஏரி வெள்ளை உவர்த்தரையாகக் காய்ந்து வெடித்தது. அண்ணன் வீட்டு ஊற்று மட்டும் மெலிந்துபோய், ஆனாலும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் கடைசியில் ஒருநாள் எங்கள் மாடுகள் மேட்டில் ஏறிப்போய், நின்று, திரும்பி வந்தன. தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தன.

பென்யாத் குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"முள்கம்பி போட்டிருக்கான். ஊத்தைச் சுத்தி, நாலு வரிசை. ஒரு கேட்டும் இருக்கு."

"பூட்டியிருக்கா?"

"பூட்டு இல்ல" என்றான். "அதுதான் மோசம். பூட்டாத கேட்ட நானா தொறந்து விட்டா, அவன் தயவுல குடிச்சதாயிடும்."

மறுநாள் அண்ணன் எங்கள் வாசல்வரை வந்தான், குதிரையை விட்டு இறங்கவில்லை. அவன் அப்பாவைப் போல இல்லை. சுவரைப் பார்த்து உட்காரத் தெரியாதவன்.

"மாப்ளே, கேட்ல பூட்டு போடல. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"ஒரு வார்த்தை போதும். ஆண்டர்ஸ், கொஞ்சம் தண்ணி விடுப்பான்னு. நாய்கூட தாகம் எடுத்தா வந்து கால நக்கும்."

"எங்கப்பா காலத்துலேர்ந்து குடிச்ச தண்ணி. அத எதுக்கு இப்பக் கேக்கணும்?"

"ஏன்னா ஊத்து இத்தனூண்டு ஆயிடுச்சு. நீ கேக்காம குடிச்சிட்டு, நாளைக்கு கோர்ட்டுல போய்ப் பாதி என்னுதுன்னு நிப்பே. என் பசங்களுக்கு நான் எதக் குடுப்பேன், கல்லையா?"

"பூட்ட வேண்டியதுதானே, அப்ப?"

"பூட்டினா என் தங்கச்சி என்னை என்னன்னு நெனப்பா?" என்றான் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவன் கெட்டவன் இல்லை. அவனும் பயந்துபோயிருந்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தூக்கம் இல்லை. பென்யாத் விடியுமுன்பே வண்டியில் பீப்பாய்களைக் கட்டிக்கொண்டு வடக்குக் கணவாய்க்குப் போவான். அங்கே பாறையில் நூல்போல் கசியும் தண்ணீரை டின்னில் பிடித்துப் பிடித்துப் பீப்பாயை நிரப்பி, உச்சிவெயிலில் திரும்புவான். வண்டிச் சத்தம் கேட்டதுமே மாடுகள் ஓடிவந்து மோதும். பலமுள்ளது குடிக்கும், கன்று மிதிபடும். தண்ணீர் தீர்ந்த பிறகும் ஈரப் பீப்பாயின் பலகையை நக்கிக்கொண்டே வண்டியோடு நடக்கும். நக்கி நக்கி நாக்கில் ரத்தம் கசிந்தது.

புல் இருந்தது. அதுதான் கொடுமை. கிழக்குச் சரிவில் பழைய வருஷத்துப் புல் பொன் நிறத்தில் இடுப்பளவு நின்றது. தொடுவாரில்லை. தண்ணீரை மோப்பம் பிடித்த மாடுகள் அண்ணன் வேலியை விட்டு நகர மறுத்தன. இரண்டு பேரும் குதிரையில் போய் மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவோம். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அவை வேலிக்குத் திரும்பியிருக்கும். வேலியோரம் நடந்து நடந்து புழுதியில் பள்ளமே விழுந்துவிட்டது. இரவில் அந்தக் கதறல் எங்கள் படுக்கையறைவரை வரும். ஒருநாள் பென்யாத் இருட்டில், "உங்கப்பாவால எப்படி இதக் காத்துன்னு சொல்ல முடிஞ்சுது?" என்றான்.

"அப்ப அதுங்க குடிச்சிட்டுத் திரும்பிப் போச்சு" என்றேன்.

ஜூலை நடுவில் அவன் கிணறு தோண்டினான். புல்வெளியில் தாழ்வான இடமாகப் பார்த்து, நான் வாளியை மேலே இழுக்க, அவன் இடுப்பில் கயிற்றோடு உள்ளே இறங்கினான். ஒருநாள் மத்தியானம் கீழிருந்து அவன் கத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது. "டோர்த்தி! ஈரம்! டோர்த்தி, ஈரம்!" சாயங்காலத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஊறியது. சேறு பூசிய முகத்தோடு ஏறிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பையன் மாதிரி இருந்தான். முதல் வாளியை நான்தான் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டேன்.

"என்ன?"

"கசக்குது, பென்யாத்."

அவனும் ஒரு வாய் குடித்தான். உவர். தொண்டையைப் பிடிக்கும் உவர். கிணற்றை மூடப் பலகை எடுத்துவரப் போனான். அவன் வருவதற்குள், கரையில் வைத்த வாளிகளில் ஐந்து மாடுகள் வாயைவிட்டிருந்தன. கழுத்தைப் பிடித்து இழுத்தேன், அடித்தேன், அழுதேன். அவை என்னைக் கொடியில் தொங்கும் துணியைப் போல ஒதுக்கிவிட்டுக் குடித்தன. மறுநாள் ஐந்தும் கழிந்து கழிந்து விழுந்து செத்தன. அவற்றில் பெல்ட்சாவும் ஒன்று. பாஸ்க் மொழியில் கறுப்பி என்று அர்த்தம். மாமனார் வாங்கிய முதல் பசுவின் பேத்தி.

பெல்ட்சாவைப் புதைக்க எங்களுக்குத் தெம்பில்லை. அன்று மத்தியானம் நான் குதிரையில் ஏறினேன். எங்கே என்று பென்யாத் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அண்ணன் மனைவி ஹுல்டா கதவைத் திறந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "உள்ள வா. எலும்பா இருக்கியே." காபி போட்டாள், ஏலக்காய் கேக் வைத்தாள். பிறகு ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தாள். ஊற்றுத் தண்ணீர். கிளாஸின் வெளிப்பக்கம் வியர்த்தது.

"உன் புருஷனுக்கு நாக்குல சுளுக்கா, டோர்த்தி? நானும் தினம் கேட்டையே பாத்துட்டிருக்கேன்."

"ஹுல்டா, சும்மா இரு" என்றான் அண்ணன். என் எதிரே உட்கார்ந்தான். "அவன் வர வேணாம். நீ சொன்னாலும் போதும். நீயும் அந்த வீட்டு ஆள்தானே. ஹுல்டா சாட்சிக்கு இருக்கா. சொல்லு, இப்பவே போய் கேட்டத் தொறக்கறேன்."

"வருஷா வருஷம் தொறப்பியா?"

அவன் மேஜையைப் பார்த்தான். "தண்ணி இருக்கற வருஷம் தொறப்பேன்."

"இல்லாத வருஷம்?"

"இல்லாத வருஷம் நானே என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல, குட்டி. உங்கிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு மூச்சு விட்டால் வெளியே விழுந்திருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து ஈரம் என்று கத்திய குரல் ஞாபகம் வந்தது. அவனுக்குத் தெரியாமல் அவன் பண்ணையை நான் கேக்குக்கும் காபிக்கும் நடுவில் வைத்துக் கொடுக்க முடியாது. எழுந்தேன். கிளாஸ் அப்படியே இருந்தது.

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்றாள் ஹுல்டா. இந்த முறை அவள் குரலில் குத்தல் இல்லை.

"வீட்டுல அவன் குடிக்காம இருக்கான்" என்றேன்.

பென்யாத் பட்டி வாசலில் நின்றிருந்தான்.

"கேட்டியா?"

"இல்ல."

"நெஜமாவா?"

"கேட்டிருந்தா இந்நேரம் மாடு குடிச்சிட்டிருக்கும்ல?" என்று கத்திவிட்டேன். "ஏன் கேக்கல, ஏன் கேக்கலன்னு வழியெல்லாம் என்னையே திட்டிட்டு வந்தேன்!"

அவன் குதிரையின் கழுத்தைத் தடவினான். "ஒரு தடவ கேட்டா, வேணாங்கறதுக்கு அவனுக்கு உரிம வந்துடும். அப்புறம் இது பண்ணையே இல்ல. அவன் மனசு மாறினா நாம மூட்ட கட்ட வேண்டியதுதான். யாரு வாங்குவாங்க, தண்ணி இல்லாத புல்ல?"

"அடுத்த வருஷத்தப் பத்திப் பேசற. அடுத்த வருஷம் மேய்க்க மாடு வேணாமா?"

"எங்கப்பா சாகறப்பகூட..."

"உங்கப்பா புல்லப் பாத்து எழுதிக்கிட்டாரு. அதுக்கு நாம இன்னும் எத்தன மாட்டக் குடுக்கணும்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரி நாங்கள் ஒரே கட்டிலில் இரண்டு ஓரத்தில் படுத்திருந்தோம். வேலியோரம் கத்திக்கத்தி மாடுகளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. அடைத்த தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரப்பு கதறலைவிட மோசமாக இருந்தது.

காலையில் கண் விழித்தபோது அவன் பக்கம் காலியாக இருந்தது. கொட்டகையில் போய்ப் பார்த்தேன். கம்பி வெட்டும் குறடு மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. சேணம்கூடப் போடாமல் குதிரையில் ஏறி மேட்டுக்கு விரட்டினேன்.

மந்தை முழுக்க வேலியை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாடுகள் கம்பியில் மாட்டி, மார்பு கிழிந்து, ஆனாலும் முன்னாலேயே தள்ளிக்கொண்டிருந்தன. பென்யாத் மேல்கம்பியை ஏற்கெனவே வெட்டியிருந்தான். வேலிக்கு உள்ளே, ஊற்றுக்கும் அவனுக்கும் நடுவில், என் அண்ணன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். படுக்கையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறான்.

"அடுத்த கம்பிய வெட்டினே, சுடுவேன்."

"சுடு."

"உன்ன இல்லடா, ஆட்டுக்காரா. உன்னச் சுட்டா என் தங்கச்சி வந்து என் வீட்டுலதான் உக்காருவா. முன்னாடி வர்ற மாட்டச் சுடுவேன். ஒவ்வொண்ணா."

"அதுங்களுக்கு அதுவே புண்ணியம்" என்றான் பென்யாத். இரண்டாவது கம்பியைக் குறட்டின் வாயில் வைத்தான். கம்பி பற்களுக்கு நடுவில் நழுவியது.

அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினான். "வெட்டாத மாப்ளே. சத்தியமா சொல்றேன், வெட்டாத. நீ வெட்டினா நாளைக்கு அதையும் கோர்ட்டுல சொல்லுவே. ஒரு வார்த்த கேளேன்! உன் வாயில என்ன, கல்லா இருக்கு?"

நான் குதிரையிலிருந்து விழுந்தேனா, இறங்கினேனா தெரியாது. மாடுகளுக்கு நடுவில் புகுந்து கேட்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்று அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. பாறைக்கு அடியில், ஒரு கை அகலத்துக்கு, பளபளவென்று. இத்தனை பேருடைய உயிரும் இந்த ஒரு கை அகலத்தில்தான் இருக்கிறதா என்று தோன்றியது.

"அண்ணா" என்றேன். "நான்..."

"டோர்த்தி, வேணாம்."

பென்யாத்தின் குரல். நான் திரும்பி அவனை முறைத்தேன். "வேணாமா? பாரு அந்த மாட்ட. மார்புல எலும்பு தெரியுது. இன்னும் வேணாமா? உன் சத்தியத்த நான்..."

"நீ கேக்க வேணாம்னேன்." அவன் குறட்டைக் கீழே போட்டான். முள் கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வேலியோரமாக, மாடுகளைத் தோளால் ஒதுக்கி ஒதுக்கி, என் பக்கத்தில் வந்து நின்றான். "நேத்து அவன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணி குடிக்காம வந்தே. உதடு வெடிச்சிருக்கறத ராத்திரி பூரா பாத்துட்டுப் படுத்திருந்தேன். நீ பொறந்த வீட்டு வாசல்ல நீ கையேந்தி நிக்கறத நான் பாக்க மாட்டேன். கேக்கணும்னா நான் கேக்கறேன்."

"பண்ணை?" என்றேன்.

"பண்ணைல உன்னத் தவிர எதுவும் மிச்சம் இருக்காது போலிருக்கு, இப்படியே போனா."

தொப்பியைக் கழற்றினான். புழுதியில் நரைத்த மாதிரி இருந்த தலைமுடியை வெறுங்கையால் படிய வைத்தான். எதிரே அண்ணன் துப்பாக்கியை இறக்கியிருந்தான். இத்தனை வருஷம் காத்திருந்தது வரப்போகிறது என்று தெரிந்ததும் அவன் முகத்தில் சந்தோஷத்தைத்தான் எதிர்பார்த்தேன். அது இல்லை. யாரோ தன்னை அடிக்கக் கையை ஓங்கியதுபோல நின்றான். மேட்டு வீட்டு வாசலில் ஹுல்டா ஏப்ரனோடு வந்து நின்றிருந்தாள்.

பென்யாத் வாயைத் திறந்தான். எச்சிலை விழுங்கப் பார்த்தான், விழுங்க எச்சில் இல்லை. அவன் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். ரத்தத்தில் வழுக்கியது, விடவில்லை.

"ஆண்டர்ஸ்" என்றான், வாசலில் நிற்கும் ஹுல்டாவுக்கும் கேட்கிற மாதிரி. "இது உன் தண்ணி. என் மாடுங்க தாகத்துல சாகுது. கொஞ்சம் குடிக்க விடு."